அக்னிவீர்: போகலாமா, காத்திருக்கலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு, சாவகாசமாகப் படியுங்கள்.

நேற்று டிசம்பர் 7, கொடி நாள். நம் குடும்பக் குழுவிலும் காவலூர்ப் பழைய மாணவர் குழுவிலும் காலையிலிருந்து வாழ்த்துகள் வந்துகொண்டே இருந்தன. மத்தியானத்துக்கு மேல் வாழ்த்து போய் வாக்குவாதம் ஆகிவிட்டது. ஒருவர் மோடி படத்தைப் போட, இன்னொருவர் ராகுல் பேசிய வீடியோவைப் போட, மூன்றாமவர் இருவரையும் திட்ட, ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தர் குழுவை விட்டே வெளியேறிவிட்டார். (திரும்பி வாப்பா. பொங்கலுக்கு எல்லாரும் முகத்தைப் பார்க்க வேண்டும்.)

இந்தச் சத்தத்துக்கு நடுவில் காவலூரிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அவளுடைய மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். விடியற்காலையில் ஆலங்காயம் ரோட்டில் ஓடிப் பழகுகிறான். அவள் எழுதியது இது: "சார், இவன் மிலிட்டரிக்குப் போறேன்னு நிக்கிறான். எங்க அண்ணன், இப்ப போகாத, நாலு வருசத்துல அனுப்பிடுவாங்க, அடுத்த எலக்சன்ல ஆட்சி மாறினா இந்தத் திட்டத்தையே எடுத்துடுவாங்க, அப்ப போகலாம்னு சொல்றாரு. காத்திருக்கலாமா சார்?"

குழுவில் நூற்றைம்பது பேர் சண்டை போட்ட விஷயம், இந்த வீட்டில் ஒரு பையனின் அடுத்த நாலு வருஷம். அவளுக்குப் போனில் பதில் சொல்லிவிட்டேன். அதே கேள்வி இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வயசுக் கணக்கு.

காங்கிரஸ் கட்சி 2024 ஏப்ரலில் வெளியிட்ட தேர்தல் அறிக்கையில் அக்னிபத் திட்டத்தை ரத்து செய்வோம், பழையபடி நிரந்தரமாக ஆள் எடுப்போம் என்று எழுதியிருந்தது. உண்மைதான். ஆனால் அந்தத் தேர்தலில் அவர்கள் ஆட்சிக்கு வரவில்லை. அடுத்த மக்களவைத் தேர்தல் முறைப்படி 2029இல். அடுத்த ஆண்டு ஏப்ரல், மே மாதத்தில் நமக்கு வருவது சட்டமன்றத் தேர்தல். அதில் யார் ஜெயித்தாலும் ராணுவத்தின் ஆள்சேர்ப்பு முறையை மாற்ற முடியாது. எட்டாம் வகுப்பில் நான் நடத்தியது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பாதுகாப்பு ஒன்றியப் பட்டியலில் வருகிறது. அதுவும் முதல் வரியிலேயே.

இப்போது பையனின் வயசைப் பாருங்கள். போன மே மாதம் அவனுக்குப் பதினெட்டு முடிந்தது. அக்னிவீராகச் சேர வயது வரம்பு பதினேழரை முதல் 21. 2028 மே மாதத்தோடு அவனுக்கு வாசல் சாத்திவிடும். தேர்தல் அதற்கு அடுத்த வருஷம். சரி, ஆட்சி மாறி, சொன்னபடி பழைய முறையே வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பழைய முறையிலும் பொதுப்பணி சிப்பாய்க்கு வயது வரம்பு பதினேழரையிலிருந்து 21தான்! அவனுக்கு அப்போது 22 ஆகியிருக்கும். மாமா சொல்கிறபடி காத்திருந்தால் புதியதும் இல்லை, பழையதும் இல்லை.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. கொரோனாவால் 2020லும் 2021லும் தரைப்படையின் ஆள்சேர்ப்பு முகாம்கள் நின்றுபோயின. ஓட்டத்திலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறி, எழுத்துத் தேர்வுக்காகக் காத்திருந்த பையன்கள் நாடு முழுக்க இருந்தார்கள். 2022 ஜூன் 14ஆம் தேதி அக்னிபத் அறிவிப்பு வந்தது. பழைய தேர்வுகள் எல்லாம் கைவிடப்பட்டன. முதலிலிருந்து விண்ணப்பியுங்கள் என்றார்கள். கலவரம் வெடித்த பிறகு அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் வயது வரம்பை 23 ஆக்கினார்கள். பீகாரில் ரயில் பெட்டிகள் எரிந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். எரித்தது தப்புதான். அந்தப் பிள்ளைகள் ஏன் அவ்வளவு கொதித்தார்கள் என்பது, இரண்டு வருஷம் தினமும் அஞ்சு மணிக்கு எழுந்து ஓடியவனுக்குத்தான் தெரியும்.

கட்சிகள் ராணுவ வீரர்களுக்குச் சொல்லும் வாக்குறுதி எவ்வளவு காலத்தில் நிறைவேறும் என்று எங்கள் வீட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. உறவுக்காரர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் பெரிய அக்கா வீட்டுக்காரர் 1972இல் பட்டாளத்தில் சேர்ந்தவர். பதினேழு வருஷம் சேவை. 1989இல் நாயக் பதவியில் ஓய்வு பெற்று வந்தார். அப்போது அவருக்கு 36 வயது. வாத்தியார் வேலையில் 36 வயது என்பது பாதிகூட இல்லை. பட்டாளத்தில் சிப்பாய்க்கு அதுதான் கடைசி. உடம்பு தளர்வதற்குள் அனுப்பிவிடுவார்கள், அதனால்தான் ஓய்வூதியம் அவர்களுக்கு அவ்வளவு முக்கியம். மாமா ஊருக்கு வந்து ஒரு வங்கியில் காவலாளியாகச் சேர்ந்தார். அந்தச் சம்பளமும் பென்ஷனும் சேர்ந்துதான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தன.

அவருக்குப் பல வருஷம் கழித்து, அதே பதவியில், அதே அளவு சேவை செய்து வந்த பக்கத்துத் தெருக்காரருக்கு மாமாவைவிடப் பென்ஷன் அதிகம். ஒவ்வொரு ஊதியக் குழுவுக்கும் சம்பளம் ஏறுமில்லையா, பின்னால் ஓய்வு பெறுகிறவருக்குப் பென்ஷனும் கூடும். மாமா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். "நான் சுமந்த துப்பாக்கியும் அதே எடைதானே?" என்று ஒரே ஒரு தரம் கேட்டார்.

இதைச் சரிசெய்யத்தான் ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்ற கோரிக்கை. 1973இல் மூன்றாம் ஊதியக் குழுவுக்குப் பிறகு தொடங்கிய மனக்குறை அது. இந்திரா காந்தி காலம் போய், ராஜீவ் காலம் போய், கூட்டணி ஆட்சிகள் எல்லாம் வந்து போயின. 2011இல் கோஷ்யாரி தலைமையிலான நாடாளுமன்றக் குழு, கோரிக்கை நியாயமானது என்று சொன்னது. 2013 செப்டம்பரில் ஹரியானாவில் ரேவாரி என்ற ஊரில் முன்னாள் வீரர்கள் கூட்டத்தில் மோடி இதைப் பற்றிப் பேசினார். 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் நம் சிதம்பரம் 500 கோடி ஒதுக்கினார். தேர்தல் நெருங்கும்போது எல்லாருக்கும் சிப்பாய் ஞாபகம் வரும். பா.ஜ.க. அந்தத் தேர்தல் அறிக்கையில் தெளிவாக எழுதியது, ஜெயித்தது. அதற்கப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. 2015இல் வயதான வீரர்கள் பதக்கங்களை மாட்டிக்கொண்டு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் அவர்களைப் போலீஸ் அப்புறப்படுத்தப் பார்த்தது. மாமா அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள்.

2015 செப்டம்பர் 5 அன்று அறிவிப்பு வந்தது. 2014 ஜூலை 1 முதல் கணக்கு, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திருத்தம். வருஷா வருஷம் திருத்த வேண்டும் என்று கேட்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அரசின் முறை செல்லும் என்று 2022 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. ஆக முழுசாக வரவில்லை. ஆனால் வந்தது. நிலுவைத் தொகை மாமாவுக்குத் தவணை தவணையாகக் கிடைத்தது. வீட்டுக்கு மேல்தளம் போட்டார். 2017இல் போய்விட்டார். இன்றைக்கு அக்கா அவருடைய குடும்ப ஓய்வூதியத்தில் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கிறாள். 1973இலிருந்து 2015 வரை எத்தனை வருஷம் என்று கழித்துப் பாருங்கள். நாற்பத்திரண்டு. அதற்குள் காத்திருந்தே இறந்தவர்கள் எத்தனை பேரோ.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓய்வூதியம் தேர்தல் அறிக்கையில் இருந்தது, இழுத்து இழுத்து வந்தது. அக்னிபத் 2019 தேர்தல் அறிக்கையில் இல்லவே இல்லை, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து நின்றது. நாட்டின் சிப்பாய் வேலை என்றால் என்ன என்பதையே மாற்றிய முடிவு எந்தக் கட்சியின் அறிக்கையிலும் ஓட்டுக் கேட்டு வரவில்லை. இது என்னைப் போன்ற சமூக அறிவியல் ஆளுக்குத் தொண்டையில் மாட்டிய முள். ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கும் ஒரு முள் உண்டு. பழைய ஓய்வூதியத் திட்டத்தை மீண்டும் கொண்டுவருவோம் என்று தி.மு.க. 2021இல் சொன்னது. 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்கு வந்த நீங்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எந்தக் கட்சியையும் நான் தனியாகப் பிடித்துத் திட்டவில்லை என்பதற்காக இதையும் சொன்னேன்.

சரி, அக்னிவீராகப் போனால் என்ன கிடைக்கும்? மாணவியிடம் சொன்னதையே எழுதுகிறேன். பேப்பரில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய். இரண்டாம் வருஷம் 33,000, மூன்றாம் வருஷம் 36,500, நான்காம் வருஷம் 40,000. இதில் மாதாமாதம் 30 சதவீதத்தைச் சேவா நிதி என்று பிடித்துவிடுவார்கள். ஆகவே முதல் வருஷம் கைக்கு வருவது 21,000. பிடித்த தொகைக்குச் சமமாக அரசும் போடும். நான்கு வருஷம் முடிந்து வெளியே வரும்போது வட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 11.71 லட்சம் கையில் தருவார்கள், வருமான வரி கிடையாது. நூறு பேரில் 25 பேர் வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்ற 75 பேருக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் இல்லை. மிலிட்டரி கேன்டீன் கார்டு, மருத்துவ வசதி எல்லாம் அந்த அந்தஸ்தோடு வருகிறவை.

பணியின்போது உயிர் போனால் காப்பீடு 48 லட்சம், பணி காரணமாக என்றால் கருணைத் தொகை 44 லட்சம், மீதி மாதங்களுக்கான சம்பளம், சேவா நிதி. சேர்த்தால் ஒரு கோடியைத் தாண்டலாம். பணம் குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் நிரந்தரச் சிப்பாய் போரில் இறந்தால் அவர் குடும்பத்துக்கு ஆயுள் முழுக்க மாதாமாதம் ஓய்வூதியம் வரும். அக்னிவீரின் தாய்க்கு அது வராது. ஒரே பங்கரில், ஒரே குண்டில் செத்த இரண்டு பேரின் வீடுகளுக்கு இரண்டு விதமான கணக்கு. 2024 ஜூலையில் மக்களவையில் ராகுல் காந்தியும் ராஜ்நாத் சிங்கும் மோதிக்கொண்டதே, இறந்த அக்னிவீர் ஒருவர் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்று, அந்தச் சண்டையில் தொகை எவ்வளவு என்றுதான் எல்லாரும் பேசினார்கள். மாதாமாதம் என்ன வரும் என்று பேசியவர்கள் கொஞ்சம். இத்தனைக்கும் அந்த வருஷத் தொடக்கத்திலேயே நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழு, இரு குடும்பங்களுக்கும் ஒரே சலுகை தரலாம் என்று பரிந்துரைத்திருந்தது. குழுவின் தலைவர் ஆளுங்கட்சி எம்.பி.தான்.

அரசின் பக்க நியாயத்தையும் சொல்லாமல் விட்டால் நான் வாத்தியார் இல்லை. இந்த ஆண்டு, 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி. அதில் ஓய்வூதியத்துக்கு மட்டும் 1.60 லட்சம் கோடி. நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. 34 லட்சம் பேருக்கு மேல் வாங்குகிறார்கள். பீரங்கி வாங்க, கப்பல் கட்ட, விமானம் வாங்கப் பணம் வேண்டுமே என்று ஒரு நிதியமைச்சர் யோசிப்பதில் தப்பில்லை. மலை உச்சியில் சண்டை போட இளவயசுக்காரர்கள் வேண்டும் என்று தளபதிகள் சொல்வதிலும் தப்பில்லை.

இந்த யோசனை 2022இல் முளைத்ததும் இல்லை. கார்கில் போருக்குப் பிறகு கே. சுப்பிரமணியம் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். திருச்சியில் பிறந்த நம்ம ஊர்க்காரர், வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் அப்பா. சிப்பாய்களின் சேவையை ஏழு முதல் பத்து வருஷமாகக் குறைக்கலாம் என்று அந்தக் குழு சொன்னது. கூடவே இன்னொன்றும் சொன்னது: அப்படி வெளியே வருகிறவர்களைத் துணை ராணுவப் படைகளில் எடுத்துக்கொள்ள வேண்டும். அது முழு யோசனை. இப்போது வந்திருப்பது அதன் முதல் பாதி, அதையும் இன்னும் சுருக்கி நான்கு வருஷமாக்கி. இரண்டாம் பாதிக்குப் பதிலாக, மத்திய ஆயுதப் படைகளில் 10 சதவீத இட ஒதுக்கீடு என்று 2022இல் அறிவித்தார்கள். இட ஒதுக்கீடு என்றால் மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் போட்டி.

நான்கு வருஷச் சேவை என்பதே கெட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமெரிக்காவில் பெரும்பாலான பையன்கள் சில வருஷம்தான் பட்டாளத்தில் இருக்கிறார்கள். ஆனால் 1944இலேயே அவர்களுக்கு ஒரு சட்டம் போட்டார்கள், வெளியே வந்தால் கல்லூரிக் கட்டணத்தை அரசு கட்டும். லட்சக்கணக்கான தொழிலாளி வீட்டுப் பையன்கள் அதனால் பட்டதாரி ஆனார்கள். வெளியே வரும் வாசலை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இனி நம் மலைக்கு வருகிறேன். கீழே வேலூர்ப் பக்கம் கணியம்பாடிக்கு அருகில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டைப் பார்த்திருப்பீர்கள், அதில் பதித்திருக்கும் கல்லை நின்று படித்தவர்கள் குறைவு. முதல் உலகப் போருக்கு 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. அப்படி நூறு வருஷத்துக்கு மேலான பழக்கம்.

அந்த மாதிரி ஊரில் பென்ஷன் ஒரு ஆளுக்கு மட்டும் வருவதில்லை. 38 வயதில் ஒரு ஹவில்தார் ஊருக்குத் திரும்புகிறார். கையில் நிலையான வருமானம், உடம்பில் தெம்பு. காலையில் பத்துப் பையன்களை ஓட வைக்கிறார். எந்தச் சான்றிதழ் வேண்டும், பல்லில் சொத்தை இருந்தால் என்ன செய்ய வேண்டும், பச்சை குத்தினால் பிரச்சினை வருமா, எல்லாம் அவருக்குத் தெரியும். வங்கிக் கடனுக்கு அவர் ஜாமீன் போடுகிறார். தங்கையின் பிள்ளையைப் படிக்க வைக்கிறார். நேபாள மலைகளில் கூர்க்கா கிராமங்களும் இப்படித்தான் வளர்ந்தன. 1947 ஒப்பந்தப்படி இந்தியப் படையில் சேர்ந்து வந்தவர்கள், அக்னிபத் வந்த பிறகு நேபாள அரசு ஒப்புக்கொள்ளாமல் 2022இலிருந்து ஆள்சேர்ப்பே நின்றுகிடக்கிறது. நான்கு வருஷம் ஆயுதப் பயிற்சி பெற்று 22 வயதில் வேலையில்லாமல் திரும்பும் பையனை நாங்கள் என்ன செய்வது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி.

நம் காவலூருக்கு அந்த ஹவில்தார் வருவதற்கு முன்பே விதி மாறிவிட்டது. அதுதான் எனக்கு ஆதங்கம். ஜவ்வாது மலையில் மத்திய அரசு என்றால் நமக்குத் தெரிந்தது வைணு பாப்பு வானாய்வகம்தான். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் தொடங்கி வைத்தபோது நான் உங்களில் மூத்தவர்களைச் சாலையோரம் வரிசையாக நிறுத்தி வைத்தேன். பிரதமரைவிட ஹெலிகாப்டரைப் பார்த்துத்தான் நீங்கள் கத்தினீர்கள். வானாய்வகத்தில் வேலை கிடைத்த சில வீடுகள் எப்படி நிமிர்ந்தன என்பதை எல்லாரும் பார்த்தோம். மாதச் சம்பளம், மருத்துவம், ஓய்வூதியம். ஒரு வீட்டை மூன்று தலைமுறைக்கு நிறுத்தும் விஷயம் அது.

மற்றவர்கள்? சாமை, புளி, கொஞ்சம் தேன். மீதி நாளுக்குக் கேரளா, குடகு காபித் தோட்டம், திருப்பூர் பனியன் கம்பெனி. இதைவிட மோசமான வழியும் இருந்தது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றதே, அதில் நம் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. செம்மரம் வெட்டக் கூலிக்குக் கூட்டிப் போனவர்கள். அன்று வகுப்பில் நான் பாடம் எடுக்கவில்லை. ஆகவே மாதம் 21,000 கைக்கு, சோறும் துணியும் தங்குமிடமும் அரசுடையது என்றால், அதைச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு "ஒப்பந்தக் கூலி" என்று எழுதுகிறவர்களோடு நான் முழுக்க ஒத்துப்போக முடியாது. அந்த வார்த்தையில் உண்மை இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பையனுக்கு வேறு வழி இருக்கிறது என்பதும் உண்மை.

மாணவியிடம் நான் சொன்னது: காத்திருக்க வேண்டாம். அவனுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் போகட்டும். ஆனால் பட்டாளத்து வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்துப் போகக்கூடாது. நான்கு வருஷ வேலைக்குப் போகிறோம், 25இல் ஒருவனாக வந்தால் அது லாபம் என்று நினைத்துப் போக வேண்டும். போன முதல் வருஷமே இக்னோ பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யச் சொல். அக்னிவீர்களுக்கென்று பட்டப்படிப்பு இருக்கிறது, பணியில் பெறும் பயிற்சிக்கே பாதி மதிப்பெண் கணக்கு வரும். அந்தப் பதினொன்றே முக்கால் லட்சத்தைத் தங்கச்சி கல்யாணத்துக்கு என்று இப்போதே யாரும் எழுதி வைக்க வேண்டாம். (இதைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. எழுதி வைத்துவிட்டார்கள் போல.) அப்புறம், சேரும்போது கல்யாணம் ஆகாதவனாக இருக்க வேண்டும் என்பது விதி. நம் மலையில் பத்தொன்பது வயதில் பெண் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம், அதனால் சொல்கிறேன்.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். எல்லாவற்றையும் ஊரில் மிலிட்டரி என்றே சொல்கிறோம். அவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை, வேலை நிரந்தரம், அறுபது வயது வரை. ஆனால் 2004க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. புல்வாமாவில் இறந்த நாற்பது பேரும் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள், அதில் இரண்டு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். எல்லைக்குப் போகிறவன் எல்லாரும் ஒரே விதியில் போவதில்லை என்பதை விண்ணப்பம் போடும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பையன் இரண்டுக்கும் எழுதலாம்.

சட்டமன்றத் தேர்தலுக்கு மலைக்கு ஓட்டுக் கேட்டு வருவார்கள். ராணுவம் மாநிலத்தின் கையில் இல்லை என்றேன். திரும்பி வருகிற பையன் மாநிலத்தின் கையில்தான் வருகிறான். 2022 கடைசியில், 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போன முதல் அணியினர் அடுத்த ஆண்டுக் கடைசியிலிருந்து வெளியே வரத் தொடங்குவார்கள். நம் மாவட்டத்திலிருந்து போனவர்களும் அதில் உண்டு. உத்தரப்பிரதேசத்தில் காவலர் தேர்வில் அக்னிவீர்களுக்கு 20 சதவீதம் என்று இந்த ஆண்டு முடிவெடுத்துவிட்டார்கள். ஹரியானாவிலும் ஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் காவல் துறையில், வனத்துறையில், தீயணைப்பில் இவர்களுக்கு என்ன என்று உங்கள் வேட்பாளரைக் கேளுங்கள். முதலமைச்சர் 2024 சுதந்திர தினத்தில் "காக்கும் கரங்கள்" என்று ஒரு திட்டத்தை அறிவித்தார், முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க ஒரு கோடி வரை கடன், 30 சதவீத மானியம். நல்ல திட்டம். முன்னாள் படைவீரர் என்ற பட்டியலிலேயே சேராத அக்னிவீர் அதில் வருவாரா என்று கேளுங்கள். அக்னிபத்தை ரத்து செய்வோம் என்கிற கட்சிக்காரர் வந்தால், ரத்து செய்யும் நாளில் உள்ளே இருக்கும் பையன்களை நிரந்தரமாக்குவீர்களா, ஏற்கெனவே வெளியே அனுப்பியவர்களுக்கு என்ன என்று கேளுங்கள். திட்டம் அருமை என்கிற கட்சிக்காரர் வந்தால், இறந்தவன் தாய்க்கு மாதாமாதம் ஏன் இல்லை என்று கேளுங்கள். கொடி பிடிக்கப் போகிறவர்கள் பிடித்துக்கொள்ளுங்கள், கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

கொடி நாள் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்கு வருஷா வருஷம் வசூல் இலக்கு வரும். மலைப் பிள்ளைகளிடம் பேருந்துக்கே காசு இருக்காது, ஆசிரியர்கள் நாங்கள்தான் போட்டு நிரப்புவோம். ஒரு வருஷம் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு ரூபாய் கொண்டு வந்து, சட்டையில் கொடியைக் குத்திக்கொண்டு, "சார், இந்தக் காசு எந்த மிலிட்டரிக்காரருக்குப் போவும்?" என்று கேட்டான். முப்படை வீரர்களின் குடும்பங்களுக்கு என்று பொதுவாகச் சொன்னேன். "பேரு தெரியாதா சார்?" என்றான்.

அடுத்த ஆள்சேர்ப்பு அறிவிப்பு வழக்கம்போல் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரலாம். விண்ணப்பம் இணையத்தில்தான். முதலில் கணினித் தேர்வு, பிறகுதான் 1.6 கிலோமீட்டர் ஓட்டம். ஓட்டத்தில் நம் மலைப் பையன்களை யாரும் அடிக்க முடியாது, கணக்கிலும் பொது அறிவிலும்தான் விழுகிறார்கள். பொதுப்பணிக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதமும் ஒவ்வொரு பாடத்தில் 33ம் வேண்டும். சாதிச் சான்றிதழ், ஆதார், மதிப்பெண் பட்டியல் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அலைய வைப்பார்கள். ஜனவரி முதல் வாரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு ஆலங்காயத்தில் என் வீட்டுத் திண்ணையில் கணக்கும் பொது அறிவும் சொல்லித் தருகிறேன். ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவரும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். காவலூரிலிருந்து காலைப் பேருந்தைப் பிடித்தால் நேரத்துக்கு வந்துவிடலாம். சாப்பாடு இங்கேயே.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்